இறக்கை நுனியில் இரண்டு காதுகள்

என் விமானத்துக்கு மீசை கிடையாது. வீட்டில் விமானம் கட்டுகிற மற்றவர்களுடையதைப் பாருங்கள். முதுகில் ஒரு கம்பி, வயிற்றில் ஒரு கம்பி, வாலில் இரண்டு. எல்லாம் ஆன்டெனா. காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய வண்டியில் கம்பி கம்பியாக நட்டு வைத்துவிட்டு, வேகம் போதவில்லை என்று புலம்புவார்கள்.

நான் கயத்தாறு காற்றாலைகளில் பதினெட்டு வருஷம் இறக்கைகளைப் பழுதுபார்த்தவள். கண்ணாடி இழையும் பிசினும் எனக்குச் சப்பாத்தி மாவு மாதிரி. அதனால் என் விமானத்தின் இரண்டு இறக்கை நுனிகளையும் கண்ணாடி இழையில் செய்து, உள்ளே செப்புப் பட்டையை ஒட்டி, மூடிவிட்டேன். ஜன்னல் வழியாக வெளிச்சம் வருவதுபோல் கண்ணாடி இழை வழியாக வானொலி அலை தாராளமாக வந்துபோகும். வெளியே தடவினால் வழவழவென்று இருக்கும். ஆன்டெனா எங்கே என்று கேட்பவர்களிடம், "எங்கே இருக்கணுமோ அங்கே" என்பேன். எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நுனி போதுமே, எதற்கு இரண்டு என்று என் கணவர் ஆல்வின் கேட்டார். நமக்கு எதற்கு இரண்டு காது? இடது நுனியில் விழும் சத்தம் என் இடது காதுக்கு, வலது நுனியில் விழுவது வலது காதுக்கு. நடுவில் நான் செய்த ஒரு சின்னப் பெட்டி, அலை எந்த நுனிக்கு முதலில் வந்தது என்று பார்த்து, அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கூட்டித் தரும். இரண்டு காதிலும் ஒரே அளவு கேட்டால், பேசுகிறவர் நேர் எதிரே இருக்கிறார் என்று அர்த்தம்.

கேட்பதற்கு என்ன இருந்தது என்கிறீர்களா? வம்பு. கடலில் மனிதக் குரலுக்குக் காது கொடுப்பதைக் கரை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு படகின் கூரையிலும் அரசாங்கப் பெட்டி ஒன்று இருக்கிறது. அது தானே பேசும், மனிதன் பேசத் தேவையில்லை. ஆனால் தூத்துக்குடிப் படகுக்காரர்கள் பழைய வாக்கி டாக்கியை விடவில்லை. படகுக்குப் படகு அதில்தான் அரட்டை. தண்ணீர் மட்டத்தில் அது பத்துக் கிலோமீட்டர் தாண்டாது. மூவாயிரம் அடி உயரத்தில் எனக்கோ, கடலில் இருக்கிற அத்தனை பேர் குரலும் கேட்கும். யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வந்தார்கள் என்பது கரைக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பெருமையெல்லாம் ஒரு புதன்கிழமை காலை எட்டரை மணியோடு நின்றது. அப்போதுதான் என் அண்ணன் கித்தேரியானின் எண் நான்காக இறங்கியது.

கடல் மீட்பு மையத்தில் 'நெய்தல்' என்று ஒரு கணினி இருக்கிறது. காணாமல் போன ஒவ்வொரு படகுக்கும் அது ஒரு எண் தரும். உயிரோடு மீட்கும் வாய்ப்பு நூற்றில் எத்தனை என்பதுதான் அந்த எண். திங்கட்கிழமை விடிகாலையில் அண்ணனும் மூன்று பேரும் கடலுக்குப் போனார்கள். அன்று இரவு திரும்ப வேண்டியவர்கள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை எண் முப்பத்தெட்டு. புதன்கிழமை நான்கு.

மையத்தின் அதிகாரி ஆறுமுகநயினார் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். நல்ல மனிதர். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் சத்தம் போட்டிருக்கலாம்.

"திங்கக்கிழமை காலையில ஒன்பது பத்துக்குப் படகோட பெட்டி நின்னுருச்சும்மா. கடைசியா கேட்ட இடம் இது." திரையில் துறைமுகத்துக்கு வடகிழக்கே ஒரு புள்ளியைக் காட்டினார். "அதைச் சுத்திப் பதினஞ்சு மைல் சலிச்சாச்சு. ஒரு பலகை கூட இல்ல."

"பெட்டி நின்னா படகு முங்கிருச்சுன்னு அர்த்தமா சார்?"

"நான் சொல்லல, நெய்தல் சொல்லுது. பன்னெண்டு வருஷக் கணக்குல, இப்படித் திடீர்னு நின்னு ஒரு நாளைக்கு மேல திரும்ப வராத பெட்டி எதுவும் ஆளை உயிரோட கொண்டுவந்ததில்ல. எண் அஞ்சுக்குக் கீழ போனா ஹெலிகாப்டரையும் ட்ரோனையும் அடுத்த தேடலுக்கு அனுப்பிரும்."

"நீங்க நிறுத்துங்க சார். அதிகாரி நீங்கதான?"

"நான் நிறுத்துனா வேற ஒருத்தர் செத்துப் போவாரும்மா. நாகப்பட்டினத்துக்குக் கிழக்க ஒரு படகு நிக்குது. எண் அறுபது. ஆறு பேரு." அவர் குரல் தாழ்ந்தது. "எங்கிட்ட காரணம் ஒண்ணு குடுங்க. அந்த இடத்துல இல்ல, இந்த இடத்துல தேடுங்கன்னு சொல்ல ஏதாவது ஒரு காரணம். நெய்தல்ல போட்டுப் பாக்கேன்."

என்னிடம் காரணம் எதுவும் இல்லை. விமானம் இருந்தது.

பத்து மணிக்கெல்லாம் கடல் மேல் இருந்தேன். நயினார் காட்டிய இடத்துக்கு மேலே மூவாயிரம் அடியில் இரண்டு மணி நேரம் வட்டமடித்தேன். அண்ணன் வாக்கியைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் தூங்குவான். உயிரோடு இருந்தால் கத்துவான். அவன் கத்தினால் ஊருக்கே கேட்கும், எனக்குக் கேட்காதா? வாக்கியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. காதில் இரைச்சல் மட்டும்தான். இரண்டு காதிலும் ஒரே அளவு இரைச்சல்.

நெய்தல் சொன்னது சரிதான் என்று அப்போது நம்பினேன். என் இறக்கைகளை நான் அவ்வளவு நம்பினேன். அவை கேட்கவில்லை என்றால் அண்ணன் இல்லை. அழுதுகொண்டே விமானத்தைத் திருப்பினேன். அழுதுகொண்டு ஓட்டக் கூடாது, யாரும் செய்யாதீர்கள்.

கயத்தாற்று ஓடுதளத்தில் இறங்கியபோது கொட்டகை வாசலில் ஆல்வினும், அண்ணன் மனைவி சலேத் மதினியும் நின்றார்கள். ஆல்வின் கையில் இன்னொரு வாக்கி. நான் முகம் துடைத்துக்கொண்டு இறங்கியதும் அவர் கேட்டார்.

"நான் அத்தனை தடவை கூப்பிட்டேனே ஜெனோ, ஏன் பதில் சொல்லல?"

"எப்பக் கூப்பிட்டீங்க?"

"இறங்குறதுக்கு முன்னால. கொட்டகைக்கு மேலயே ரெண்டு சுத்து சுத்தினியே, அப்ப."

கொட்டகைக்கு மேலே ஐந்நூறு அடியில் சுற்றும்போது ஆல்வின் பேசியது கேட்கவில்லை என்றால், எங்கோ கடலில் மிதப்பவன் பேசுவது எப்படிக் கேட்கும்? திரும்பி விமானத்தைப் பார்த்தேன். இறக்கை நுனிகள் இரண்டும் மத்தியான வெயிலில் தகதகவென்று மின்னின.

கார்களுக்கு வர்ணம் அடிப்பது ஆல்வினின் தொழில். போன வாரம், மாதா கோயில் திருவிழா அன்று ஊரைச் சுற்றிப் பறக்க வேண்டும் என்று இரண்டு நுனிகளுக்கும் வெள்ளி நிறம் அடித்திருந்தார், எனக்கே தெரியாமல். நான் என்ன செய்தேன்? கைதட்டினேன். நாலு பக்கமிருந்தும் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அந்த வர்ணத்துக்கு மினுமினுப்பு எதிலிருந்து வருகிறது என்று பதினெட்டு வருஷ அனுபவக்காரிக்கு ஒரு நொடி கூடத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு இன்றுதான் முதன்முதலாகப் பறந்திருக்கிறேன்.

"உப்புத்தாள் எடுங்க," என்றேன். "இருக்கிற அத்தனையும் எடுங்க."

மூன்று பேரும் தேய்த்தோம். ஆல்வின் கண்ணில் தண்ணீர் நின்றது. அது தூசியால் என்று சொல்லிக்கொண்டார். சலேத் மதினி மட்டும் நடுவில் கையை நிறுத்தினார்.

"ஏ ஜெனோ, வெள்ளி அடிச்சாலே கேக்காதா?"

"அதுல அலுமினியப் பொடி இருக்கு மதினி. அலுமினியத்தைத் தாண்டி அலை வராது."

"அப்ப அலுமினியச் சட்டியக் கவுத்து வச்சா?"

"எது மேல?"

மதினி ஆல்வினை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "படகுப் பெட்டி மேல. எங்க வீட்டுல ரெண்டு சட்டி காணாமப் போச்சு. கேட்டா, படகுல சோறாக்கன்னாவ. படகுல சோறாக்கக் குக்கர் இருக்கு. பெறவுதான் அந்தோணியம்மா சொன்னா. அவ வீட்டுலயும் சட்டி இல்லையாம். எல்லாப் படகுலயும் இதே சோலிதானாம்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கடலுக்கடியில் பாறை எழும்பிய இடத்துக்குப் 'பார்' என்று பெயர். மீன் அங்கேதான் கூடும். நல்ல பார் ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதைப் பெண்டாட்டியிடம் கூடச் சொல்ல மாட்டான். ஆனால் ஒரு படகின் புள்ளியை எல்லாப் படகின் திரையும் காட்டும், மோதாமல் இருப்பதற்காக. ரகசியம் எப்படி நிற்கும்? அதனால் பாருக்குத் திரும்புகிற இடம் வந்ததும் பெட்டியின் மேல் சட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். மீனோடு திரும்பும்போது எடுத்துவிடுவார்கள்.

அப்படியானால் திங்கட்கிழமை ஒன்பது பத்துக்குப் படகு மூழ்கவில்லை. சட்டிதான் கவிழ்ந்திருக்கிறது. அங்கிருந்து அண்ணன் வேறு எங்கோ போயிருக்கிறான். ஆபத்து அதற்குப் பிறகு, பெட்டி ஊமையாக இருந்தபோது வந்திருக்கிறது. நெய்தல் இரண்டு நாளாகத் தேடியது அண்ணன் இல்லாத இடத்தில். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. காதை மூடிக்கொண்டு, கடலில் யாரும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம்.

"அண்ணன் எந்தப் பாருக்குப் போவான் மதினி?"

"எங்கிட்ட எங்க சொன்னாவ? மிக்கேலுக்குத் தெரியும்."

மிக்கேல் அண்ணன் ஒரு காலத்தில் கித்தேரியானின் பங்காளி. ஒரே படகில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். நாலு வருஷமாக எதிரே வந்தால் சந்து மாறிப் போகிறார்கள். பாரை முதலில் கண்டது யார் என்ற சண்டை. அதே வருஷத்தில்தான் மிக்கேல் அண்ணனின் தம்பி தொபியாஸ் கடலில் செத்தான். அதற்குப் பிறகு அவர் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

துறைமுகத்தில் அவரைக் கண்டுபிடித்தபோது வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை.

"சட்டி விசயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவா அண்ணே இப்ப முக்கியம்? இடத்தைச் சொல்லுங்க. நயினார் சார் காரணம் கேட்டாரு. இதைச் சொன்னா ஹெலிகாப்டர் அனுப்புவாரு."

"சொன்னா, பெட்டிய மறைச்ச படகுக்கு ஆறு மாசம் கடல் கிடையாது தங்கச்சி. சட்டம் அது. இங்க நிக்கிற நூத்திச் சொச்சம் படகுலயும் சட்டி இருக்கு. ஒரு துறைமுகத்தையே கரையில ஏத்திருவியா?"

"அப்ப எங்க அண்ணன் சாகட்டுமா?"

அவர் வலையைக் கீழே போட்டார். "உன் வண்டியில ரெண்டு பேர் உக்காரலாம்லா? நான் வாரேன். இடத்தக் காட்டுதேன். ஆனா ஒண்ணு. சட்டிய பத்தி உன் வாயால எவன்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அந்த நேரத்தில் என் விமானத்தையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மிக்கேல் அண்ணன் அதற்கு முன் ஆகாயத்தில் ஏறியவர் இல்லை. ஏறியதும் சிலுவை போட்டுக்கொண்டார். கடல் வந்ததும் தைரியம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபமும் வந்தது.

"என்னத்த இப்படிக் காட்டுத? ஒண்ணும் விளங்கலையே!"

பார் இருக்கும் இடத்தை அவர்கள் எண்களில் வைத்துக்கொள்வதில்லை. எழுதினால் எவனாவது படித்துவிடுவான். கரையில் ஒரு அடையாளமும் இன்னொரு அடையாளமும் ஒரே நேர்கோட்டில் வரும் இடம், அதற்குக் கணியம் என்று பெயர். தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிற கண்ணுக்குத்தான் அது தெரியும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது.

"இறக்கு தங்கச்சி! அனல்மின் நிலையப் புகைபோக்கி, கடல் காற்றாடி வரிசையில கடைசித் தூணுக்குப் பின்னால ஒளியணும். இறக்கு!"

நூறு அடிக்கு இறக்கினேன். "இன்னும்!" என்றார். ஐம்பது அடி. அலையின் உப்பு கண்ணாடியில் தெறித்தது. நான் பழுதுபார்த்த காற்றாடி வகைகள்தான் கடலிலும் நின்றன. அவற்றின் நுனிகளுக்குக் கீழே பறப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. மிக்கேல் அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, "வலத்த... இன்னும் வலத்த... போ, போ, போ..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று என் தோளில் அடித்தார். "இதான்!"

கீழே மற்ற எல்லா இடங்களையும் போலவே தண்ணீர். நயினார் காட்டிய புள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத திசையில், துறைமுகத்துக்குத் தென்கிழக்கே. இடைவெளி நாற்பது கிலோமீட்டர். படகு எதுவும் இல்லை.

இடத்தை மனதில் குறித்துக்கொண்டு மூவாயிரம் அடிக்கு ஏறினேன். ஏறும்போதே இடது காதில் ஏதோ உரசியது. பிறகு ஒரு குரல். முதலில் வார்த்தை புரியவில்லை, ராகம்தான் புரிந்தது. என் அண்ணன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

"...ஒருத்தனாவது காது குடுக்கானா பாரு! செவிட்டுப் பயலுவளா! யாராவது இருக்கியளா? நாலு பேரு கிடக்கோம்..."

நான் அலறிய அலறலில் மிக்கேல் அண்ணன் மறுபடி சிலுவை போட்டுக்கொண்டார். விமானத்தை இடதுபுறம் திருப்பினேன். இரண்டு காதிலும் குரல் ஒரே அளவானதும் அப்படியே பிடித்துக்கொண்டேன். உப்புத்தாளின் கீறல் விழுந்த, சாயம் திட்டுத்திட்டாக உரிந்த, உலகத்திலேயே அசிங்கமான இரண்டு இறக்கை நுனிகள் என்னை ஒரு கோடு போட்டதுபோல் இழுத்துக்கொண்டு போயின. நாலு நிமிஷத்தில் தெரிந்தது. கவிழ்ந்த படகு, அதன் வயிற்றின் மேல் நாலு உருவங்கள்.

வாக்கியில், "அண்ணே, நான் ஜெனோவா. மேல பாரு," என்றேன்.

கம்மிய குரலில் பதில் வந்தது.

"ஏட்டி... நீ எப்படி இந்தப் பக்கம் வந்த? பாரை எவன் காட்டிக் குடுத்தான்?"

இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தவன் கேட்ட முதல் கேள்வி அது. மிக்கேல் அண்ணன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா, நான் கேட்கவில்லை.

மீட்பு மையத்துக்கு இடத்தைச் சொன்னேன். நயினார் ஹெலிகாப்டரைக் கிளப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சம்பந்தமே இல்லாத திசையிலம்மா. நாப்பது கிலோமீட்டருக்கு மேல. நீரோட்டம் அந்தப் பக்கம் இழுக்காது. படகு அங்க எப்படிப் போச்சு?"

மிக்கேல் அண்ணனின் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

"தெரியல சார்," என்றேன்.

ஹெலிகாப்டர் வந்து நாலாவது ஆளையும் தூக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில், பாரில் வலை இழுக்கும்போது குறுக்கே விழுந்த அலை படகைப் புரட்டிவிட்டது என்று அண்ணன் பிறகு சொன்னான். பெட்டி சட்டியோடு தண்ணீருக்குள் போய்விட்டது. மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் வாக்கியைப் போட்டு பேட்டரியைக் காப்பாற்றியிருக்கிறான். காலையில் நான் செவிட்டு இறக்கையோடு சுற்றியபோதும் கத்திக்கொண்டுதான் இருந்தானாம்.

சனிக்கிழமை மையத்தில் விசாரணை. என்னையும் மிக்கேல் அண்ணனையும் அழைத்திருந்தார்கள். நயினார் குற்றம் சாட்டுகிற தொனியில் பேசவில்லை. களைத்துப்போன மாதிரி பேசினார்.

"நாலு பேர் பிழைச்சது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? ஆனா நெய்தல் இதைக் கத்துக்காது. ஒரு சம்பவத்துக்குக் காரணம் இல்லைன்னா, விதிவிலக்குன்னு ஓரமா வச்சிரும். அடுத்த படகோட பெட்டி நின்னா, மறுபடி நின்ன இடத்துலதான் தேடும். ரெண்டு நாள்ல நாலுன்னு சொல்லும்." என்னைப் பார்த்தார். "உங்களுக்கு நெசமாவே தெரியாதாம்மா?"

எனக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சத்தியம் பண்ணியிருந்தேன். அண்ணன் உயிருக்கு விலையாகக் கொடுத்த சத்தியம், அதை எப்படி மீறுவது? மீறாமல் எப்படி இருப்பது? தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"சார்," என்றார் மிக்கேல் அண்ணன். "சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன். பெட்டி நின்னது படகு முங்குனதால இல்ல, யாரோ வேணும்னே மூடி வச்சதாலன்னு வைங்க. அப்படி உங்க மிசின்கிட்ட சொன்னா, அது எங்க தேடும்?"

நயினார் விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டார். "சும்மா ஒரு பேச்சுக்கு. ஒரு படகோட பேரும் தேதியும் வேணுமே."

"போட்டுப் பாருங்க. 'சமுத்திரத் தாய்'. நாலு வருசத்துக்கு முன்ன, அக்டோபர் இருபத்தெட்டு."

அது தொபியாஸின் படகு. நயினாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர் விரல் ஒரு கணம் தயங்கியது. திரையில் அந்தப் பழைய தேடல் வந்தது. வடகிழக்கே ஒரு வட்டம், எண் மூன்று. நயினார் ஒரு வரியை மட்டும் மாற்றினார். வட்டம் அழிந்தது. படகில் இருந்த டீசல், காற்று, ஒதுங்கக்கூடிய தூரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, தென்கிழக்கே புதிதாக ஒன்று விழுந்தது. எண் எழுபத்தொன்று.



"அந்த வட்டத்துக்குள்ளதான் சார் கிடந்தான்," என்றார் மிக்கேல் அண்ணன். "மூணாம் நாள் நானே போய் எடுத்தேன். பலகையப் பிடிச்ச கை விடல. உடம்புல சூடு இருந்திச்சு. கரையில ஒதுங்கிக் கிடந்தான்னு எழுதிக் குடுத்தேன். பொய். இடத்தைச் சொன்னா சட்டி வெளிய வந்துரும்னு பொய் சொன்னேன்."

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் விலக்கவில்லை. பிடித்ததாக அவருக்குத் தெரிந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை.

"எழுதிக்கோங்க சார். பேரு மிக்கேல். பெட்டி மேல முதமுதல்ல சட்டியக் கவுத்துனவன் நான். அதைப் பாத்துத்தான் எல்லாவனும் செஞ்சான். கித்தேரியானுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். பாரு எங்க இருக்குன்னு சொல்லுதேன், அதையும் எழுதிக்கோங்க."

சொன்னார். நயினார் எழுதினார். சட்டப்படி ஆறு மாசம் கடல் கிடையாது என்று அவர் சொன்னபோது மிக்கேல் அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். மற்றப் படகுகள் எவை என்று நயினார் கேட்கவே இல்லை. மனிதர் ஏன் நல்லவராக இருக்கிறார் என்று எனக்கு இந்தத் தடவை எரிச்சல் வரவில்லை.

எழுபத்தொன்று என்ற எண்ணும், மிக்கேல் அண்ணன் எழுதக் கொடுத்த பாரின் இடமும் அன்று சாயங்காலத்துக்குள் துறைமுகம் முழுக்கப் பரவிவிட்டன. யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் போடவில்லை. பெண்கள் வீட்டுச் சட்டிகளை எண்ணி வைக்க ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். சலேத் மதினி ஒரு படி மேலே போய், கடலுக்குப் போகிறவர்களின் சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்தே பார்த்தார்.

என் அண்ணன் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து பொருமிக்கொண்டே இருந்தான். உயிர் பிழைத்ததற்கு மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்தினான். பார் போனதற்கு எங்களைத் திட்டினான். "உயிரு என் உயிரு, காப்பாத்துன, சரி. பாரு என்ன ஊர்ச் சொத்தா?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் இறக்கை நுனிகளுக்கு ஆல்வின் சாதாரண வெள்ளைச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். டப்பாவில் எழுதியிருந்ததை மூன்று முறை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் திறந்தார். மிக்கேல் அண்ணன் வந்திருந்தார். கடல் இல்லாத மனிதருக்கு நேரம் போக வேண்டுமே. அண்ணனும் வந்திருந்தான். இரண்டு பேரும் கொட்டகையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து எதிரெதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கைபேசியில் நெய்தலின் திரையைத் திறந்தேன். தென்கிழக்கில் ஒரே இடத்தில் புள்ளி மேல் புள்ளி. எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொரு படகு. அத்தனையும் பெட்டி திறந்தபடி, தைரியமாக, எல்லோரும் பார்க்க நின்றன. இனி எந்த அலை எந்தப் படகைப் புரட்டினாலும், எங்கே போனான் என்று எவளும் ஓட வேண்டாம்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது. "முடிஞ்சு போச்சு. வழிச்சு எடுத்துருவானுவ."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறுத்தியது. அன்று ஐம்பது அடி உயரத்தில் மிக்கேல் அண்ணன் என் தோளில் அடித்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகுகள் நின்ற இடம் அதுவல்ல.

அண்ணனும் பார்த்துவிட்டான். மெல்ல நிமிர்ந்து, நாலு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக மிக்கேலின் பக்கம் திரும்பினான்.

"எத்தன மைலுடே?"

"ரெண்டு," என்றார் மிக்கேல் அண்ணன், சாய டப்பாவைப் பார்த்தபடியே.

"அண்ணே! வாக்குமூலம் அண்ணே அது!" என்று நான் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்து, தொபியாஸ் போன பிறகு நான் பார்த்திராத ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"ஆளைத் தேட அது போதும் தங்கச்சி. மீனுக்குப் போதாது."